வெடிக்க வாய்ப்புள்ள கொதிகலன்

'உலை' குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியான வேகத்திலேயே படுத்துவிட்டது. ஹெவி மெட்டல், அதாவது காதைப் பிளக்கும் முரட்டு இசை என்று நம்பி வாங்கியவர்கள் தலையை ஆட்டத் தயாராக உட்கார்ந்து, ஆட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்கள். குழு சொந்தச் செலவில் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டு வீறிட்டு அழுத தன் கைக்குழந்தை இந்த ஆல்பத்தில் இரண்டாம் பாட்டுக்குள் தூங்கிவிட்டது, மிக்க நன்றி என்று ஒரு ரசிகர் எழுதியிருந்தார். குழுவில் யாரும் அந்த நன்றியை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி இதைச் சும்மா விடவில்லை. எது கெட்டாலும் அதைக் கெடுத்தவர்களே கூடி உட்கார்ந்து ஆராய்வது அங்கே வழக்கம். ஆகவே ஏழாவது மாடியில், 'இந்த ஆல்பம் இன்னும் எப்படிச் சிறப்பாக அமைந்திருக்கலாம்' என்ற தலைப்பில் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. குழுவின் சார்பில் பாடகிக்கு மட்டும் அழைப்பு வந்தது.

பாடகியை ரசிகர்கள் கரடி அக்கா என்பார்கள். மேடையில் அவள் அடிவயிற்றிலிருந்து உறுமுவதைக் கேட்டவர்கள் அந்தப் பெயரில் குறை காணமாட்டார்கள். பகலில் அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பாளர். "உட்காருங்க, இதோ கூப்பிடுறேன், வலிக்கவே வலிக்காது" என்று தேனொழுகச் சொல்லும் வேலை. பொய்யையெல்லாம் பகலிலேயே சொல்லித் தீர்த்துவிடுவதால்தான் மேடையில் அவளுக்கு அப்படி ஒரு குரல் வருகிறது என்பது அவள் கணவரின் அபிப்பிராயம்.

டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. டிங்கர் வேலைக்காரன், மோதி நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவான். கிட்டாருக்கு நெட்டை, குட்டை என்று இரண்டு பேர். உயரத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை, நெட்டை கொஞ்சம் குட்டை.

ஆல்பம் கம்பெனிக்குப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது. காலியான ஒரு குடோனில் பதிவு செய்திருந்தார்கள். அதன் முதல் பாட்டு 'கொதிகலன்'. தொழிற்சாலையில் கொதிகலன் விரிசல் விட்டுக் கத்துகிறது, உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கிறது, முதலாளிக்கு மட்டும் கேட்கவில்லை, இவ்வளவுதான் பாட்டு. ஆல்பம் வருவதற்கு முன்பே சின்னச் சின்ன அரங்குகளில் அதை வாசித்துப் பார்த்திருந்தார்கள். "வெடிக்குது! வெடிக்குது!" என்ற இடம் வந்ததும் கூட்டம் கூரையைப் பெயர்க்கும்.

ஆனால் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஓர் ஆல்பம் எந்தத் துறை வழியாகப் போகிறதோ அந்தத் துறை அதில் ஏதாவது ஒன்றைத் திருத்தியே ஆகவேண்டும். ஒருமுறை ஒரு துறை, "நன்றாக இருக்கிறது, அப்படியே விடலாம்" என்று சொல்லிவிட்டதாம். அடுத்த மாதம் அந்தத் துறை இருந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. அன்றுமுதல் யாரும் அந்தத் தவறைச் செய்வதில்லை.

ஓசை ஒழுங்குத் துறை, டிரம்ஸ் என்றாலே சத்தம்தான் என்று அதைக் குறைத்தது. தூய்மைத் துறை, கிட்டார் என்றால் கரகரப்பு இருக்கும் என்று அதைக் கழுவியது. கரகரப்போடு கிட்டாரும் போய்விட்டது. உச்சரிப்புத் துறை, பாடகி ரயில் நிலைய அறிவிப்பு மாதிரித் தெளிவாகப் பாடவேண்டும் என்றது. கடைசியாகச் சட்டத் துறை. 'கொதிகலன் வெடிக்குது' என்று திட்டவட்டமாகச் சொன்னால், கேட்பவர் அதை நம்பி எழுந்து ஓடி, மாடிப்படியில் உருண்டு, நம்மேல் வழக்குப் போடலாம். எனவே 'கொதிகலன் வெடிக்க வாய்ப்புள்ளது' என்று இருக்கட்டும் என்றது.

'வாய்ப்புள்ளது' என்ற சொல்லை உறுமிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வாயில் பஞ்சு திணித்த நோயாளி டாக்டரைத் திட்டுவது போலிருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவள் "சரி சார்" என்றாள். அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் நாள் முழுக்க மரியாதையாகப் பேசியே பழகிய நாக்கு, அதிகாரிகளைக் கண்டால் தானாக அப்படித்தான் புரண்டது.

கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் முதலில் எழுந்தார். கலந்துகொண்ட அதிகாரிகள் அனைவரும் தங்களைத் தாங்களே பாராட்டும் தீர்மானம் நிறைவேறியது. பிறகு பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். இது யாரையும் குத்தம் சொல்ற கூட்டம் இல்லை. குத்தம் யார்மேலன்னு போன வாரமே முடிவாயிடுச்சு. அது ஏன்னு கண்டுபிடிக்கத்தான் இன்னிக்குக் கூடியிருக்கோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஆல்பத்துக்காகத் தலைகள் ஆடியது அதுதான் முதல் தடவை.

ஓசை ஒழுங்கு அதிகாரி எழுந்தார். ஒல்லியான மனிதர், செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பவர். "எங்க துறை மேல ஒரு வருத்தம் எங்களுக்கே இருக்கு. டிரம்ஸைப் பாதிதான் குறைச்சோம். முழுசாக் குறைச்சிருந்தா இந்த ஆல்பம் எங்கயோ போயிருக்கும்."

சட்டத் துறை, 'வாய்ப்புள்ளது' என்பதே சற்றுத் துணிச்சலான சொல்தான் என்று ஒப்புக்கொண்டது. அடுத்து ரசிகர் மனநிறைவு மேலாளர், எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஓர் அம்மாள், ஆல்பம் வைத்து விற்கும் பெட்டி ஒன்றோடு எழுந்தார்.

"புகார் பண்ணின ரசிகர்களை நேர்லயே கூப்பிட்டுப் பேசினோம். எல்லாரும் ஒரே குரலா, கனமா இல்லைன்னு சொன்னாங்க. நாங்க உடனே நடவடிக்கை எடுத்துட்டோம். அடுத்த பதிப்போட பெட்டிக்குள்ள இரும்புத் தகடு வெச்சாச்சு. கையில வாங்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

பெட்டி கைமாறிக் கைமாறி வந்து, ஓசை ஒழுங்கு அதிகாரியின் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் எழுப்பிய அலறல்தான் அந்தக் கட்டடத்தில் அதுவரை கேட்ட குரல்களிலேயே ஹெவி மெட்டலுக்கு மிக நெருங்கியது என்று கரடி அக்காவுக்குத் தோன்றியது. ஆனால் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை.

"சரி, எதுக்கும் ஒரு தடவை ஆல்பத்தைக் கேட்டுடுவோம்" என்றார் இயக்குநர்.

மேசை நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வெளியூர் ஆட்களோடு போனில் கூட்டம் நடத்துவதற்கான ஸ்பீக்கர். ஆல்பத்தை அதில்தான் போட்டார்கள். ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய குரல் மட்டும், "கொதிகலன்..." என்றது. பிறகு நிசப்தம். "வாய்ப்புள்ளது" என்றது. மறுபடியும் நிசப்தம். அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு லயித்தார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், டிரம்ஸ் எங்க? கிட்டார் எங்க?"

"இந்தப் பெட்டி சத்தத்தையெல்லாம் வடிகட்டிடும்மா" என்றார் ஓசை ஒழுங்கு அதிகாரி, கட்டைவிரலைப் பிடித்தபடியே. "மனுஷங்க பேசுறதை மட்டும் விடும். ரொம்ப நல்ல பெட்டி."

"அப்படின்னா... ஆரம்பத்துலேர்ந்து இதுலயா கேட்டுட்டு இருந்தீங்க?"

"பின்னே? நேரா கேட்டா காது என்னத்துக்கு ஆகும்?" என்றார் இயக்குநர். "சத்தம் இல்லாம கேட்டாத்தானே பாட்டு எப்படி இருக்குன்னு தெரியும்? எங்களுக்கு என்னமோ ஆரம்பத்துலேர்ந்தே ஏதோ குறையுறாப்பல இருந்துச்சு. அதான் திருத்திக்கிட்டே வந்தோம்."

தெரியாமல் செய்திருந்தால் எடுத்துச் சொல்லலாம். இவர்கள் தெரிந்து, யோசித்து, கடையில் தேடி வாங்கியிருக்கிறார்கள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ஆக, ஆராய்ச்சி முடிஞ்சுது. ஆல்பம் படுத்ததுக்குக் காரணம் டிரம்ஸ்."

"டிரம்ஸ் கேட்கவே இல்லையே சார்!"

"அதைத்தான் சொல்றேன். ஒருத்தர் வாசிச்சும் கேட்கலைன்னா அவர் சரியா வாசிக்கலைன்னுதானே அர்த்தம்?"

இதற்குப் பிறகு முடிவு வேகமாக அறிவிக்கப்பட்டது. தம்பியைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, டிரம்ஸைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வரும் சனிக்கிழமை பகலில் கம்பெனியின் அரங்கத்தில் ரசிகர்களுக்காக ஒரு வருத்த விழா. அதில் அவளே மேடையேறி, தவறு தன் தம்பியுடையது என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால் மூன்றாவது ஆல்பம் உண்டு. சொல்லாவிட்டால், 'உலை' என்ற பெயர் ஒப்பந்தப்படி கம்பெனியின் சொத்து. அதைப் பறித்துக்கொண்டு வேறு ஆளை வைத்து நடத்துவார்கள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல. லிஃப்ட் வர்றதுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக.

லிஃப்ட் வந்தது. அவள் "சரி சார்" என்றுதான் சொன்னாள். சொன்ன பிறகு, லிஃப்டுக்குள் தனியாக நின்று, அங்கிருந்த கண்ணாடியைப் பார்த்து ஒரு உறுமல் உறுமினாள். கதவு திறந்தபோது வெளியே காத்திருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, அடுத்ததில் வருகிறோம் என்றார்கள்.

நேராகத் தம்பியின் பட்டறைக்குப் போனாள். அவன் ஒரு காரின் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தான். சாதாரணமாக அவன் சுத்தியல் ஏதோ ஒரு தாளத்தில்தான் விழும். தெருவில் போகிறவர்களே கால் மாற்றி நடப்பார்கள். இன்று ஏனோதானோ என்று விழுந்தது. மூலையில் டிரம்ஸ் செட்டின் மேல் தார்ப்பாய் போட்டு, அதன் மேல் பெயின்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தான்.

"என்னடா இது? எதுக்கு மூடி வெச்சிருக்கே?"

"கேள்விப்பட்டேன்க்கா. கம்பெனியிலேர்ந்து நெட்டைக்குப் போன் வந்துச்சாம், அவன் சொன்னான்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லிடு. தம்பிதான் சொதப்பிட்டான்னு சொல்லிடு. எனக்கு என்ன, இந்தக் கதவைத் தட்டிட்டு இருந்துடுவேன். நீ பாடணும்."

"நீ வாசிச்சதை அவங்க கேட்டதே கிடையாதுடா."

"ஆல்பத்தை நான் கேட்டேன்ல? எனக்கே நான் எங்க இருக்கேன்னு தெரியலை." அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "ஒருவேளை நிஜமாவே நல்லா வாசிக்கலையோ என்னமோ."

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பெயரைப் பறித்துக்கொள்வார்கள் என்றபோது கோபம்தான் வந்தது. ஆனால் சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரு பாத்திரத்தைக்கூட விட்டுவைக்காமல் நசுக்கிய இந்தப் பயல், யாரோ ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துச் செய்த வேலையால், தன் கையையே சந்தேகப்படுகிறானே!

"சனிக்கிழமை வேனை எடுத்துட்டு வா. இதையும் ஏத்திட்டு வா" என்று தார்ப்பாயைக் காட்டினாள்.

"எதுக்கு?"

"வாடான்னா வா."

வெள்ளிக்கிழமை அவளுக்கு வருத்தப் பயிற்சி. ரசிகர் மனநிறைவு மேலாளர் அம்மாள்தான் பயிற்சியாளர். எப்படி மேடையேறுவது, எந்த இடத்தில் குரல் தழுதழுப்பது, தழுதழுத்த குரலைத் தண்ணீர் குடிக்காமல் எப்படி மீட்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

"ரொம்ப வருத்தப்பட்டுடக் கூடாதும்மா. ரொம்ப வருத்தப்பட்டா, பெரிய தப்பு நடந்துடுச்சுன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. கொஞ்சமா வருத்தப்பட்டா திமிருன்னுவாங்க. செருப்பு தொலைஞ்சா எப்படி இருக்கும்? அந்த அளவு போதும்."

"புதுச் செருப்பா, பழசா மேடம்?"

அம்மாள் இதைத் தீவிரமாக யோசித்துவிட்டு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் அவளுடைய வருத்த உரை ஒவ்வொரு துறையாகப் போய் வந்துவிட்டது. 'வருந்துகிறோம்' என்றிருந்ததைச் சட்டத் துறை 'வருந்த வாய்ப்புள்ளது' என்று மாற்றியிருந்தது. தூய்மைத் துறை 'மன்னிப்பு' என்ற சொல்லை எடுத்திருந்தது. மிச்சமிருந்ததில் தெளிவாகப் புரிகிற ஒரே வாக்கியம், தவறு என் தம்பியுடையது என்பதுதான். அதில் யாரும் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. கம்பெனி தன்னால் ஆன பாதுகாப்பெல்லாம் செய்திருந்தது. நுழைவாயிலில் எல்லோருக்கும் காதில் வைக்கப் பஞ்சு. தலையாட்ட விரும்புகிறவர்கள் உட்கார்ந்த நிலையில், பக்கத்து இருக்கைக்காரரின் சம்மதத்துடன் ஆட்டலாம் என்று சுவரில் ஓர் அறிவிப்பு. கறுப்புச் சட்டைக்காரர்கள், பச்சை குத்தியவர்கள், தாடிக்காரர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் டிரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேசையும் அதன்மேல் ஒரு லேப்டாப்பும் இருந்தன. லேப்டாப்புக்கு மாலை போட்டிருந்தார்கள்.

இயக்குநர் பேசினார்.

"ரசிகப் பெருமக்களே! ஆல்பத்தை நாங்கதான் கெடுத்துட்டோம்னு வெளியில ஒரு பேச்சு இருக்கு. மனசாட்சியோட சொல்றேன், நான் இந்த நிமிஷம் வரைக்கும் இவங்க பாட்டு ஒண்ணைக்கூட முழுசாக் கேட்டதில்லை. கேட்காத ஒண்ணை நான் எப்படிங்க கெடுக்க முடியும்? எங்க அதிகாரிகளும் அப்படித்தான். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கோம், ஒரு சத்தம் எங்க காதுக்குள்ள போனதில்லை. அந்த நேர்மை இன்னிக்கு யார்கிட்ட இருக்கு?"

அதிகாரிகள் வரிசை கைதட்டியது. மற்ற இடங்களிலிருந்து ஒரு தாடிக்காரர் மட்டும் இருமினார்.

அவளைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி, தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். யாராவது கைகாட்டிவிடுவார்களோ என்று பயந்தவன் நிற்பது போல நின்றான்.

"எங்க ஆல்பம் நல்லா இல்லை" என்றாள். வரவேற்பாளர் குரல்தான். மேலாளர் அம்மாள் முதல் வரிசையிலிருந்து, சரியான செருப்பளவு என்று விரலால் சைகை காட்டினார். "அது எப்படி நல்லா இருந்திருக்கலாம்னு ஏழாவது மாடியில ஒரு நாள் முழுக்கப் பேசினாங்க. என்கிட்ட யாரும் கேட்கலை. கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். தொடாம இருந்திருக்கலாம்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தப்பு என் தம்பியோடதுன்னு இப்ப நான் சொல்லணும். சொல்லமாட்டேன். டேய் தம்பி, மேல வாடா. அவனுக்கு வழி விடுங்கப்பா."

தம்பி அசையவில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள்தான் அவனைத் தள்ளித் தள்ளி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நெட்டையும் குட்டையும் அவள் கணவரும் வேனிலிருந்து டிரம்ஸைத் தூக்கி வந்தார்கள். லேப்டாப்பை மாலையோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். செட்டை நிறுத்தி, திருகுகளை முறுக்கி முடிக்கும்வரை அரங்கில் எல்லோர் கைகளும் காதிலிருந்த பஞ்சை எடுப்பதில் மும்முரமாக இருந்தன.

"கொதிகலன்" என்றாள் அவள்.

தம்பி முதல் அடி அடித்தான். கிட்டார்கள் எழுந்தன. அவள் வாயைத் திறந்து முதல் உறுமலை விடுவதற்கும் ஓசை ஒழுங்கு அதிகாரி ஓடிப்போய் மேடையின் மெயின் சுவிட்சை அணைப்பதற்கும் சரியாக இருந்தது. கிட்டார்கள் செத்தன. மைக்கும் செத்தது. உறுமல் என்பது பார்க்கத்தான் பெரிது. மைக் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதே சந்தேகம்.

டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. அதற்கும் எங்கோ ஒரு பிளக் இருக்கும் என்று அதிகாரி நம்பினார். மேடையில் மண்டியிட்டு, செட்டைச் சுற்றித் தவழ்ந்து, ஒயரைத் தேடினார். முப்பது வருட அனுபவத்தில் அப்படி ஒரு கருவியை அவர் பார்த்ததில்லை.

தம்பி முதலில் தயங்கித் தயங்கித்தான் அடித்தான். அக்காவின் முகத்தையே பார்த்தான். அவள் சத்தமில்லாமல் வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தாள், கழுத்து நரம்பு புடைக்க. அதைப் பார்த்தபிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்க ஆரம்பித்தான். தரை அதிர்ந்தது. சுவரிலிருந்த அறிவிப்பு கழன்று விழுந்தது. அந்த இடம் வந்தபோது அவளால் பாடமுடியாததை அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று பாடியது. "வெடிக்குது! வெடிக்குது! வெடிக்குது!" ஒருவர்கூட வாய்ப்புள்ளது என்று சொல்லவில்லை. முன்வரிசையில் மேலாளர் அம்மாளும் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பாட்டு முடிந்தும் கூச்சல் அடங்கவில்லை. இயக்குநர் வியர்த்துப்போய் மேடையேறி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பெரிய ஆச்சரியம்தான் இருந்தது.

"இது என்ன பாட்டும்மா?"

"கொதிகலன் சார்."

"பிரமாதம்! உடம்பெல்லாம் அதிருது. இதை ஏன் நீங்க ஆல்பத்துல போடலை?"

"போட்டோம் சார். நீங்க சரி பண்ணிட்டீங்க."

அவர் இதைக் காதில் வாங்கவில்லை. அது அவருக்குப் பழக்கமுமில்லை. "நடந்தது நடந்துபோச்சு. உங்க தம்பி இருக்கட்டும். பேரும் உங்ககிட்டயே இருக்கட்டும். இப்ப வாசிச்சதை அப்படியே வெளியிட்டுடலாம். ஒரே ஒரு சின்னத் திருத்தம் மட்டும்..."

"முடியாது சார்."

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. மேடைக் குரலும் இல்லை, வரவேற்பாளர் குரலும் இல்லை.

"என்ன திருத்தம்னுகூடக் கேட்கலையே?"

"கேட்க வேணாம் சார். பேரை நீங்களே வெச்சுக்கோங்க."

இயக்குநருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவளுக்காக வருத்தப்படுகிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேரும் இல்லாம, ஆல்பமும் இல்லாம, என்னம்மா பண்ணப்போறீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து தம்பி அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டான்.